தேயாத சவர்க்காரம்

ஸ்ரெல்லாவின் மூக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கதை ஓர் அடியும் நகராது.

குருநகர்க் கடற்கரையில் பிறந்த மூக்கு அது. கண்ணைக் கட்டிவிட்டு ஒரு கூடையை முன்னால் வைத்தால், உள்ளே கிடப்பது சூடையா, பாரையா, திருக்கையா என்று சொல்லிவிடும். மீன் இன்றைக்குப் பிடித்ததா, நேற்றுப் பிடித்ததா என்றும் சொல்லும். "உனக்கு மூக்கிலை கண் இருக்கு பிள்ளை" என்று அப்பா சிமியோன் சொல்லிச் சிரிப்பார். பத்து வயதுக்காரிக்கு அதைவிடப் பெரிய பட்டம் என்ன வேண்டும்?

அப்பேர்ப்பட்ட மூக்குத்தான் உரும்பிராயில், தம்பிராசா மாமா வீட்டுக் குளியலறை வாசலில், ஒன்றும் விளங்காமல் குழம்பிப்போய் நின்றது.

அவர்கள் உரும்பிராய்க்கு வந்து ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், ஆகியிருந்தது. கடற்கரைப் பக்கம் ஷெல் விழத் தொடங்கியதும் அப்பா, அம்மா செபஸ்தியம்மா, ஸ்ரெல்லா மூவரும் இரண்டு சைக்கிளில் வெளிக்கிட்டார்கள். மூன்று உடுப்புப் பொட்டலம், ஒரு வலை, ஒரு பிஸ்கட் தகரம் நிறையக் கட்டாக் கருவாடு. சொத்து அவ்வளவுதான். வழியில் ஒரு படலையில் நின்று குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். அந்த வீட்டுத் தம்பிராசா மாமா தண்ணீரும் கொடுத்தார், இருக்க ஓர் அறையும் கொடுத்தார்.

அன்றைக்கே வீட்டைச் சுற்றிக் காட்டவும் தொடங்கிவிட்டார். மாமாவுக்கு வெங்காயத் தோட்டத்தைவிடப் பெருமை அவருடைய குளியலறையில்தான். அந்த ஒழுங்கையில் வீட்டுக்குள்ளேயே குளியலறை கட்டிய ஒரே ஆள் அவர்.

"இதைப் பாரும் தம்பி" என்று தரையில் இருந்த ஓட்டை மூடியைக் காட்டினார். "கக்கூசுக்கு வைச்ச மாதிரி இதுக்கும் கீழை குழாயிலை வளைவு வைச்சுக் கட்டினது. வளைவுக்குள்ளை எந்த நேரமும் தண்ணி நிக்கும். குழியிலை இருக்கிற மணம் அதைத் தாண்டி இஞ்சாலை ஏறாது. உங்கடை பேரப்பிள்ளையள் காலத்திலையும் மணக்காது எண்டு மேசன் சத்தியம் பண்ணினவர்."

பேரப்பிள்ளைகள் காலம் வரை அது பொறுக்கவில்லை. ஸ்ரெல்லா வீட்டார் வந்து நாலாம் கிழமையே மணக்கத் தொடங்கிவிட்டது.

முதலில் இலேசாக ஒரு வாடை. பிறகு விறாந்தை வரை வந்தது. பிறகு, குளியலறைக்குப் பக்கத்தில் இருந்த இவர்களுடைய அறைக்குள்ளும் வந்து, கேட்காமலே குடியேறிவிட்டது. அழுகிய முட்டையா, பழைய சேறா, கூழாகிப்போன முட்டைக்கோவா இலையா? எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்த மாதிரி ஒரு நாற்றம்.

வியாழக்கிழமை பின்னேரம் இரத்தினம்மா மாமி சாம்பிராணித் தட்டோடு வந்தா. மாமாவின் மனைவி அவ. பகல் முழுக்க மாமாவோடு தோட்டத்தில் நின்று வேலை செய்தாலும், பள்ளிக்கூட நாட்களில் ஸ்ரெல்லாவுக்கு இரட்டைப் பின்னல் பின்னிவிட ஓடி வந்துவிடுவா.

"செபஸ்தியம்மா, உங்களுக்கும் மணக்குதோ?" என்று மாமி மெல்லக் கேட்டா.

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. "ஓமக்கா. கொஞ்சம்" என்றா.

மாமி பெருமூச்சு விட்டா. விறாந்தையில் புகை காட்டினா. குளியலறையில் காட்டினா. இவர்களுடைய அறையில் இரண்டு தரம் காட்டினா. பிறகு தலையைக் குனிந்தபடி போய்விட்டா.

அம்மா கதவைச் சாத்தினா.

"கேட்டியளோ? எங்கடை கருவாட்டைத்தான் சொல்லிப்போட்டுப் போறா."

"அவ அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே" என்றார் அப்பா.

"நல்ல மனிசர் நேரை சொல்லமாட்டினம். நாங்கள் வந்து இவ்வளவு நாளாச்சு, இந்த வீட்டுக் குசினியிலை ஒரு நெத்தலி காய்ச்சிக் கண்டியளோ? மீன் மச்சம் தொடாத வீட்டுக்குள்ளை கருவாட்டுத் தகரத்தைக் கட்டிலுக்குக் கீழை வைச்சிருக்கிறம். நாங்கள் வந்த பிறகுதானே மணக்குது? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய முகாமுக்குப் போவம்."

அப்பா மூலையில் சுருட்டி வைத்திருந்த வலையைப் பார்த்தார்.

முகாம் என்பது இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடம். சித்தி வீட்டார் அங்கே இருந்ததால் ஸ்ரெல்லா ஒருநாள் போய்ப் பார்த்திருக்கிறாள். ஒரு வகுப்பறையில் எட்டுக் குடும்பம். ஆள் திரும்பிப் படுக்க வேண்டுமென்றால் பக்கத்து ஆளையும் எழுப்பித்தான் திரும்ப வேண்டும். அங்கே வலைக்கு இடம் ஏது? இரட்டைப் பின்னலுக்கு மாமி ஏது?

"அம்மா, அது கருவாட்டு மணம் இல்லை" என்றாள்.

"சும்மா இரு. கருவாட்டுக்காரருக்குக் கருவாடு மணக்காது."

இது ஸ்ரெல்லாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அவளுடைய மூக்கையா இப்படிச் சொல்வது? ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் முழுசாக இருக்கிறது. நாற்றம் எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தே தீருவதென்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கருவாட்டுத் தகரத்தையும் வலையையும் தூக்கிக்கொண்டுபோய், வளவின் கடைசியில் இருந்த விறகுக் கொட்டிலுக்குள் வைத்தாள். அறையின் இரண்டு யன்னல்களையும் திறந்துவிட்டாள். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு மூச்சு இழுத்துப் பார்த்தாள்.

நாற்றம் அப்படியே இருந்தது. ஒருவேளை கொஞ்சம் கூடியும் இருந்தது.

"பாத்தீங்களே அம்மா? தகரம் இஞ்சை இல்லை. ஆனால் மணக்குது."

"சுவரிலை ஊறிப்போச்சு" என்று அம்மா கையைப் பிசைந்தா. ஆறு கிழமையில் சுவரில் ஊறுவதற்குக் கருவாடு என்ன சுண்ணாம்பா?

ஸ்ரெல்லா முழங்காலில் இருந்து, கையை ஊன்றி, அறையின் மூலை மூலையாக மணந்துகொண்டு போனாள். கட்டிலுக்குக் கீழே தூசு மணம். அலுமாரிக்குப் பின்னால் பல்லி முட்டை மணம். தலைக்கு மேலே தடதடவென்று சத்தம் கேட்டது. தம்பிராசா மாமா ஏணி வைத்துக் கூரையில் ஏறி ஓடுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, என்ன தேடுறீங்கள்?"

"எலி ஏதும் செத்துக் கிடக்குதோ எண்டு பாக்கிறன் பிள்ளை."

எலி கிடைக்கவில்லை. ஒற்றைச் செருப்பு ஒன்றுதான் கிடைத்தது. "இது ஆற்றை?" என்று அவர் மேலேயிருந்து கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு விளங்காத விஷயங்களோடு அதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

மூக்கு போன வழியே போன ஸ்ரெல்லா விறாந்தையைக் கடந்து, குளியலறைக்குள் நுழைந்து, தரையில் இருந்த ஓட்டை மூடிக்கு மேலே போய் நின்றாள். குனிந்து ஒரேயொரு மூச்சு இழுத்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இங்கேதான். சந்தேகமே இல்லை.

"என்ன பிள்ளை, விழுந்திட்டியோ?" வாசலில் மாமி நின்றா.

"இல்லை மாமி. எறும்பு பாக்கிறன்."

மாமி அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனா.

இடம் தெரிந்துவிட்டது. ஆனால் குழப்பம் தீரவில்லை. உண்மையைச் சொன்னால், இரண்டு மடங்காகிவிட்டது. ஏனென்றால் அந்த ஊரிலேயே துப்புரவான குளியலறை அதுதான். அம்மா தினமும் ஈரத்துணியும் சாம்பலும் கொண்டு தரையைத் துடைத்து வந்தா. ஒரு தலைமயிர் கிடக்காது. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடக்காது.

அந்த யோசனையோடு கோடிப் பக்கம் இருந்த கக்கூசுக்குப் போனாள். ஐந்து பேர் நாள் தவறாமல் போய்வருகிற இடம். வாசலில் நின்று மூக்கை நீட்டினாள். மணம் இல்லை. உள்ளே போய்க் குனிந்தும் பார்த்தாள். அப்போதும் பெரிதாக ஒன்றும் இல்லை.

கக்கூஸ் மணக்கவில்லை. குளியலறை நாறுகிறது. உலகம் தலைகீழாகப் போய்விட்டதா?

அப்போதுதான் பார்த்தாள். கக்கூசின் வளைவில் தண்ணீர் அசையாமல் நின்றது. "வளைவுக்குள்ளை எந்த நேரமும் தண்ணி நிக்கும்" என்று முதல் நாள் மாமா சொன்னது நினைவுக்கு வந்தது. அப்படியென்றால் குளியலறை வளைவிலும் தண்ணீர் நிற்க வேண்டுமே. நிற்கிறதா? அந்த இருட்டு ஓட்டைக்குள் எப்படிப் பார்ப்பது?

கடற்காரர் மகளுக்கு இதெல்லாம் ஒரு கேள்வியா? கடலில் ஆழம் பார்க்க அப்பா என்ன செய்வார்? நூல்கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்குவார். கயிறு எவ்வளவு நனைந்து வருகிறதோ அவ்வளவு ஆழம்.

சனிக்கிழமை காலையில், மாமாவும் மாமியும் தோட்டத்தில் நின்ற நேரம், வலையில் இருந்து ஓர் ஈயக்குண்டைக் கழற்றி நூலில் கட்டினாள். குளியலறை ஓட்டை மூடியைத் தூக்கி வைத்துவிட்டு, மூக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மறு கையால் மெல்ல இறக்கினாள். ஒரு சாண் போனது. இன்னும் கொஞ்சம் போனது. டொக் என்று அடியில் முட்டியது.

மேலே இழுத்துப் பார்த்தாள். நூலில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஈயக்குண்டில் சிலந்தி வலை ஒட்டியிருந்தது.

வளைவு காய்ந்து கிடந்தது. தண்ணீர் இல்லாத வளைவு பூட்டில்லாத படலை மாதிரி. குழிக்குள் இருந்த நாற்றம் தன்பாட்டில் ஏறி வந்திருக்கிறது.

ஸ்ரெல்லாவுக்கு ஒரு துள்ளுத் துள்ள வேண்டும்போல இருந்தது. துள்ளக் காலைத் தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். மாமாவும் மாமியும் தினமும் குளிக்கிற இடம் எப்படிக் காயும்?

சுற்றிப் பார்த்தாள். கண் சவர்க்காரத்தில் விழுந்தது.

அந்தச் சவர்க்காரத்தை வந்த அன்றைக்கே அவள் கண்டிருந்தாள். பச்சை நிறச் சோப்புக்கட்டி, நடுவில் பெயர் பொறித்த எழுத்துகள். "எங்கடை இல்லை, தொடாதை" என்று அம்மா அப்போதே சொல்லிவிட்டா. சவர்க்காரத்துக்கு யாழ்ப்பாணமே அலைந்த காலம் அது. பனம்பழத்தைப் பிசைந்துதான் உடுப்புத் தோய்த்தார்கள். காயப்போட்ட சட்டையை மாடு வந்து நக்கிவிட்டுப் போகும். அப்படியான நாளில் முழுச் சவர்க்காரம் ஒன்றை யார்தான் மறப்பார்கள்?

ஆறு கிழமைக்கு முன் பார்த்த அதே எழுத்துகள் இன்றும் கூராக நின்றன. ஒரு மூலைகூடத் தேயவில்லை. சவர்க்காரத்தில் இருந்து குழாய் வரைக்கும் சிலந்தி ஒன்று நூல் கட்டியிருந்தது. மின்சாரம் நின்றதோடு நின்றுபோன அந்தக் குழாயில் தண்ணீர் வந்தே ஒரு வருடத்துக்கு மேல். வாளியும் காய்ந்து கவிழ்ந்து கிடந்தது.

அப்படியென்றால் மாமாவும் மாமியும் ஆறு கிழமையாகக் குளிக்கவே இல்லையா?

அன்று பின்னேரம் ஸ்ரெல்லா மாமியின் முதுகுப்பக்கமாகப் போய் நின்று இரகசியமாக மணந்து பார்த்தாள். சந்தன மணம், திருநீற்று மணம், கொஞ்சம் வெங்காய மணம். குளிக்காத ஆளின் மணம் இல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. முகாமுக்குப் போகிறோம் என்று அப்பா வெள்ளிக்கிழமையே மாமாவிடம் சொல்லிவிட்டிருந்தார். மூன்று பொட்டலங்களும் கட்டிய கட்டாக விறாந்தையில் இருந்தன. குசினியில் மாமி எல்லோருக்கும் பனங்கட்டியோடு தேத்தண்ணீர் கொடுத்தா. மாமியின் கண் சிவந்திருந்தது. மாமா கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனியும் பொறுத்தால் முகாம்தான். ஸ்ரெல்லா கேட்டாள்.

"மாமி, நீங்கள் குளிக்கிறனீங்களோ?"

அம்மாவின் தேத்தண்ணீர் சேலையில் ஊற்றுண்டது. "எடி! என்ன கதை கதைக்கிறாய்?"

மாமா முதலில் முழித்தார். பிறகு சிரித்தார். "குளிக்காமல் என்ன பிள்ளை? நாள்தோறும் விடிய தோட்டக் கிணத்திலை. வெங்காயத்துக்கு இறைச்சுப்போட்டு அதிலையே முழுகிப்போட்டு வாறனாங்கள்."

"அப்ப வீட்டுக்குள்ளை இருக்கிற குளியலறை?"

"அது உங்களுக்கு விட்டதெல்லோ" என்றா மாமி. "பொம்பிளைப் பிள்ளையோடை வந்திருக்கினம், வெளியிலை நிண்டு குளிக்கக் கூச்சப்படுவினம் எண்டு நான்தான் இவரிட்டைச் சொன்னனான். இருந்த ஒரு கட்டிச் சவர்க்காரத்தையும் உங்களுக்கெண்டுதான் வைச்சன். ஏன் கேக்கிறாய்?"

அம்மா எழுந்து நின்றுவிட்டா. "அக்கா, நாங்கள் அதுக்குள்ளை ஒரு நாளும் குளிக்கேல்லை. அது உங்கடை இடம், உங்கடை சவர்க்காரம் எண்டு நினைச்சு, நீங்கள் தோட்டத்திலை நிக்கிற நேரம் பாத்து வீட்டுக் கிணத்தடியிலைதான் குளிச்சு வந்தனாங்கள். தரையை மட்டும் துடைச்சுவிடுவன்."



ஸ்ரெல்லா சட்டைப் பையில் இருந்த ஈயக்குண்டை எடுத்து மேசையில் வைத்தாள். "வளைவுக்குள்ளை தண்ணி இல்லை மாமா. நீங்கள் எங்களுக்கு விட்டிட்டீங்கள், நாங்கள் உங்களுக்கு விட்டிட்டம். ஒருதரும் குளிக்காததாலை அது காய்ஞ்சுபோச்சு. அதாலைதான் மணக்குது."

மாமா வெளியே போனார். கிணற்றில் துலா ஏறி இறங்குகிற சத்தம் கேட்டது. முழு வாளித் தண்ணீரோடு வந்து குளியலறைத் தரையில் ஊற்றினார். களக், களக் என்று குழாய் விழுங்கியது. கடைசியில் ஓர் ஏப்பமும் விட்டது. ஸ்ரெல்லா ஈயக்குண்டை இறக்கி எடுத்தாள். அடி நூல் நாலு விரலுக்கு நனைந்திருந்தது.

"இப்ப தண்ணி நிக்குது" என்றாள்.

"எங்கடை வீடு நாறுது, அதுக்குத்தான் நீங்கள் வெளிக்கிடுறியள் எண்டு நினைச்சு எனக்கு இரண்டு நாளாய்ச் சோறு இறங்கேல்லை" என்று மாமி கண்ணைத் துடைத்தா.

"நான் எங்கடை கருவாடு மணக்குது எண்டெல்லோ நினைச்சன் அக்கா" என்றா அம்மா.

"கருவாடோ?" மாமா சடாரென்று திரும்பினார். "என்ன கருவாடு?"

"கட்டா" என்றார் அப்பா மெல்ல. "விறகுக் கொட்டிலுக்குள்ளை இருக்கு அண்ணை. நீங்கள் மச்சம் தொடாத ஆக்கள் எண்டு ஒளிச்சு வைச்சனாங்கள்."

"ஆர் சொன்னது? நீங்கள் வரேக்கை நல்லூர்க் கொடி ஏறியிருந்தது. திருவிழா முடியுமட்டும் இருபத்தைஞ்சு நாளும் நாங்கள் மச்சம் காய்ச்சுறேல்லை. அதுக்குப் பிறகு காய்ச்சவெண்டு பாத்தால் சந்தையிலை மீன் எங்கை கிடக்கு?" மாமாவின் குரல் தழுதழுத்தது. வீடு நாறியபோதுகூட அவர் இப்படிக் கலங்கவில்லை. "ஆறு கிழமையாய் நான் கத்தரிக்காயோடை மல்லுக்கட்டுறன். கருவாடு என்ரை வளவுக்குள்ளையே கிடந்திருக்கு."

முதலில் மாமி சிரித்தா. பிறகு அம்மாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா விறாந்தைக்குப் போய், பொட்டலங்களின் முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்க்கத் தொடங்கினார்.

தேவாலயத்தில் பூசை முடிந்து அவர்கள் திரும்பி வந்தபோது படலையிலேயே ஸ்ரெல்லாவின் மூக்கு நின்றுவிட்டது. கட்டாக் கருவாடு, கத்தரிக்காய், தேங்காய்ப்பால். விறாந்தைக்குப் போய் மணந்தாள். குளியலறைக்குப் போய்க் குனிந்து மணந்தாள். அங்கேயும் கருவாட்டுக் குழம்பைத் தவிர வேறு மணமே இல்லை.

"சாப்பிட முதல் மேலைக் கழுவிக்கொண்டு வாங்கோ" என்று மாமி துவாயை அம்மாவிடம் நீட்டினா.

"நீங்கள் முதல் குளியுங்கோ அக்கா."

"இல்லை இல்லை, நீங்கள் முதல்."

"வீட்டுக்காரர் நீங்கள் இருக்க நாங்கள் எப்பிடி?"

"வந்த ஆக்கள் இருக்க நான் எப்பிடி?"

துவாய் அங்கேயும் இங்கேயும் போய்வந்தது. ஸ்ரெல்லா பார்த்தாள். இப்படியே விட்டால் வளைவு மறுபடியும் காய்ந்துவிடும். நடுவில் புகுந்து துவாயை இழுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

சவர்க்காரத்தில் இருந்த சிலந்தியை முதலில் மரியாதையாக யன்னலுக்கு வெளியே விட்டாள். பிறகு தலையில் இருந்து கால் வரை நுரை பொங்கத் தேய்த்தாள். அவள் வெளியே வந்தபோது சவர்க்காரத்தில் முதல் எழுத்து மங்கியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தாள். ஓர் எழுத்தும் இல்லை.